அவள் பாடியது எனக்கில்லை

செஞ்சியில் குடியிருந்த ஆறு வருஷத்தில் நான் ஒரே ஒருவர்மேல்தான் பொறாமைப்பட்டேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு முன்னால் ஹெட்மாஸ்டர் ஆனாரே, அவர்மேல்கூட இல்லை. நான் பொறாமைப்பட்டது ஆண்டவர்மேல். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அறுபதுகளின் நடுவில் ஓர் அரை வருஷம், ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எனக்கு வயிறு எரிந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் டோலக், உள்ளே எரிச்சல். இந்தக் கோலத்தில்தான் ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நான் பிறந்து வளர்ந்த சபையில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அங்கே பலகையில் பாட்டு எண் எழுதியிருக்கும், ஆர்மோனியம் முழங்கும், எழுந்திரு என்றால் எழுந்திருப்போம், உட்கார் என்றால் உட்காருவோம். கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் போட்ட ஒரே நிபந்தனை, பெண்ணை அவர்கள் சபைக்கே அனுப்பவேண்டும் என்பது. அனுப்புவது என்ன, நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் பக்தி இல்லை. அந்தச் சபையில் டோலக் அடிக்க ஆள் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கடலைக்காய் மண்டி ஒன்றின் பின்புறம், ஓடு போட்ட நீளமான கூடம் அது. மண்டிக்காரர் சமணர். காலை வெயில் ஏறுவதற்குள் உங்கள் சத்தத்தை முடித்துக்கொண்டால் சரி என்று வாடகைக்கு விட்டிருந்தார். பாயில் ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் எல்லாரும் வாய்விட்டுத் துதிப்பார்கள், ஆளுக்கொரு வார்த்தை, ஆளுக்கொரு குரல். அது மெல்ல அடங்கும். அடங்குகிற இடத்தில் யாராவது ஒருவர் பாட ஆரம்பிப்பார். சில நாள் தெரிந்த பாட்டு. சில நாள் யாருமே கேட்டிராத பாட்டு, பாடுகிறவருக்கே அந்த நிமிஷம்தான் வருகிற பாட்டு. ஆவியானவர் கொடுக்கிறார் என்பார்கள். அவர் ஒரு வரி பாட, சபை அதைத் திருப்பிப் பாடும்.

இதில் உண்மையான வேலை டோலக்காரனுக்குத்தான். பிறந்து அரை நிமிஷம் ஆகாத பாட்டுக்கு நடை கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது வரிக்குள் பிடிக்காவிட்டால் கைதட்டுகிறவர்கள் திசைக்கொருவராகப் போய்விடுவார்கள். நான் முதல் வரி முடிவதற்குள்ளேயே பிடிப்பேன். முடித்து வைக்கிற வேலையும் என்னுடையதுதான். அப்போது வருகிற பாட்டுக்கு முடிவு எங்கே என்று யாருக்குத் தெரியும்? பாடுகிறவர் சொன்னதையே சொல்லிச் சுற்ற ஆரம்பித்ததும், ஒரே சொற்கட்டை மூன்று முறை இறுக்கி அடித்து நிறுத்துவேன். அதற்குத் தீர்மானம் வைப்பது என்று பெயர். அது விழுந்தால் ஜால்ரா நிற்கும், கைகள் நிற்கும், ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லி எல்லாரும் பாட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒருவரும் அதை மீறிப் பாடியதில்லை. அந்த அதிகாரம் என் கையில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மனைவி தொண்டூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். ஐந்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி மூன்று வருஷமாகியிருந்தது, பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை. ஒரு வாரம் வீட்டில் அவள் பேசுகிற பேச்சையெல்லாம் ஒரு கார்டில் எழுதித் தபாலில் போட்டுவிடலாம். ‘சாப்டலாம்.’ ‘தண்ணி வந்துட்டுது.’ ‘ரேசன்ல சக்கரை போடறாங்களாம்.’ அவ்வளவுதான். கூச்சம், போகப்போகச் சரியாகிவிடும் என்று முதல் வருஷம் நினைத்தேன். இரண்டாம் வருஷம் சுபாவம் என்று நினைத்தேன். மூன்றாம் வருஷம் நினைப்பதை விட்டுவிட்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வாத்தியார், தமிழில் கொஞ்சம் கெட்டிக்காரன் என்று பேர். அவள் ‘பளம்’ என்றால் நான் ‘பழம்’ என்பேன். ‘வந்துச்சி’ என்றால் ‘வந்தது’ என்பேன். துணி உலர்த்துகிற கொடி தொய்வாக இருந்தால் இழுத்துக் கட்டுவேன், அவள் பார்க்கும்போதே. கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. குடி, சீட்டு, பீடி எதுவும் கிடையாது. நல்ல புருஷன் என்று எனக்கு நானே முதல் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் முதன்முதல் பாடியது ஒரு மாசி மாதத்து ஞாயிறு. துதி அடங்கியது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கடலைக்கொல்லையில் களை எடுக்கிற பெண்கள் குனிந்தபடி இழுப்பார்களே, அந்த மாதிரி ஒரு மெட்டு.

*கல்லு மேல நடந்து வந்தீங்க*
*காலு நோவுதா ராசா*
*வெயிலு தாளாம வந்தீங்களே*
*தண்ணி தரட்டுமா ராசா*

என் கை நடையைப் பிடித்துவிட்டது. நல்ல பாட்டு, யாருடைய குரல் என்று தலையைத் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு, முந்தானை தலையிலிருந்து நழுவியது தெரியாமல், என் மனைவி. சபை ‘தண்ணி தரட்டுமா ராசா’ என்று திருப்பிப் பாடியது. கிழவர்கள் அழுதார்கள். பாஸ்டர் அழுதார். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர் அவர், சுலபத்தில் அழமாட்டார். நானும் பூரித்துப்போய்த்தான் அடித்தேன், பொய் சொல்லக்கூடாது. அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் ஒரு டம்ளர் தண்ணீரை என் இலைக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்போதுதான் சுருக்கென்றது. ராசாவாம். தரட்டுமா என்று கேட்டாளாம். எனக்கு ஒரு நாளாவது ‘தண்ணி வேணுமா’ என்று கேட்டிருப்பாளா?

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தது. ஒரு வாரம், களத்தில் காய்ந்த கடலையை மழைக்கு முன்னால் அள்ளிக் கொடுத்ததற்கு நன்றி. ஒரு வாரம், கொஞ்ச நாளாக என் தெருப்பக்கம் வரவில்லையே என்று கோபம். கோபம்! என்னிடம் ஒரு நாள் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்கிற அளவுக்கு அவள் என்னை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது. அவருக்குத்தான் கொஞ்சல், அவருக்குத்தான் சண்டை, அவருக்குத்தான் சமாதானம். எனக்குச் சோறும் டம்ளரும்.

முதலில் சந்தேகப்பட்டேன். வீட்டிலேயே கட்டிவைத்துக்கொண்டு வந்து பாடுகிறாளோ? பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரமே திரும்பி, சைக்கிள் மணி அடிக்காமல், சன்னல் பக்கம் நின்று காது கொடுத்தேன். அம்மி சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

“போன வாரம் பாடினியே, அதைக் கொஞ்சம் பாடேன்.”

“எதுங்க?”

“தெருப்பக்கம் வரலைன்னு பாடினியே.”

யோசித்தாள். “வரலீங்க.”

“வரலைன்னா?”

“அங்க இருந்துச்சி. இப்ப இல்ல.”

நான் எனக்கு நினைவிருந்த நான்கு வரியைச் சொன்னேன். யாரோ எழுதியதைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்குது” என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சரி, எனக்கும் கொடுக்கட்டுமே என்று இறங்கினேன். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். இரண்டாம் நாளே தலைவலி. ஞாயிற்றுக்கிழமை துதி அடங்கியதும், அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு ஆரம்பித்தேன். எதுகை மோனை எல்லாம் கச்சிதமாக வந்து விழுந்தது. ஓர் இலக்கணப் பிழை இல்லை. சபை பவ்யமாகத் திருப்பிப் பாடியது. இரண்டாம் சரணத்தில் பார்த்தால், முன்வரிசையில் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“சார், அது எத்தினியாவது நம்பரு? தேடித் தேடிப் பாத்தேன், ஆப்படல.”

இதைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். நான் “புத்தகத்தில் இல்லை” என்றேன். “அப்ப பழைய பதிப்பா இருக்கும்” என்று தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு போனார். இரண்டடி தள்ளி என் மனைவி நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

அவள் பாட்டின் பேச்சு ஊருக்கு வெளியே பரவியது. சிங்கவரத்திலிருந்து நடந்து வந்தார்கள், பனமலையிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். பாய் போதாமல் மண்டிக்காரரிடம் சாக்கு வாங்கி விரித்தோம். கடைத்தெருவில் ஒரு அம்மாள் இன்னொருத்தியிடம் என்னைக் காட்டி, “இவருதான் பாட்டுக்கார அம்மா வூட்டுக்காரரு” என்றாள். அதுவரை நான் அந்த ஊரில் ‘டோலக் வாத்தியார்’. பேரும் போய்விட்டது.

ஆண்டவருக்கே பொறாமை உண்டு, தம் ஜனம் வேறு பக்கம் திரும்பினால் சகிக்கமாட்டார் என்று பாஸ்டர் பிரசங்கத்தில் சொல்லுவார். அவருக்கு இருக்கலாம், எனக்கு இருக்கக்கூடாதா என்று எனக்குள் வழக்காடிக்கொள்வேன். என் மனைவி என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை அந்தக் குரலில் பேசினால் போதும் என்று இருந்தது. பாடக்கூட வேண்டாம். ஒரு தடவை ‘உங்களுக்கு இன்னா வேணும்’ என்று கேட்டால் போதும். அதற்கு மேல் ஆசை இல்லை. அது நடக்காதவரை வேறெதிலும் எனக்கு ருசி இல்லை.

அந்த ஞாயிறு நல்ல வெயில். கோட்டைப் பாறைகள் காலையிலேயே அனல் வீச ஆரம்பித்திருந்தன. கூடம் நிறைந்து வாசலிலும் ஆட்கள். அவள் எழுந்து நின்று பாடினாள். வழக்கமாக உட்கார்ந்தே பாடுவாள், அன்று நின்றாள், ஒரு கையைத் தூக்கியிருந்தாள்.

*ஊரு முச்சூடும் சனம் இருக்குது*
*யாருகிட்ட சொல்ல ராசா*
*உங்க முன்ன வந்து நின்னாத்தான்*
*வாயி தொறக்குது ராசா*

சபை திருப்பிப் பாடியது. என் பக்கத்தில் ஜால்ரா தட்டியவரும் பாடினார். ஊர் முழுதும் இருக்கிற சனத்தில் நானும் ஒருத்தன்தானே, பாயில் ஆறடி தள்ளி உட்கார்ந்து அவளுக்குத் தாளம் போட்டுக்கொண்டு. அவள் அடுத்த வரிக்கு மூச்சு இழுத்தாள். நான் தீர்மானம் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. இறுக்கி அடித்து உள்ளங்கையால் தோலை அழுத்தி நிறுத்தினேன்.

ஜால்ரா நின்றது. கைகள் நின்றன. ‘ஸ்தோத்திரம்’ என்றார்கள். பழக்கம் அப்படி. அவள் இழுத்த மூச்சு அப்படியே நின்றது. கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்தாள், தூக்கத்தில் யாரோ எழுப்பிவிட்டதுபோல. பிறகு உட்கார்ந்து முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். பாஸ்டர் ஜெபத்துக்குப் போய்விட்டார். எனக்கு முதலில் ஒரு திருப்தி வந்தது. நெஞ்சறிய எழுதுகிறேன், வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அவளே பேச்சை எடுத்தாள். அதுவே அபூர்வம்.

“இன்னாங்க, பாட்டு முடியறதுக்குள்ள அடிச்சிட்டீங்க?”

“தாளம் தப்பிப்போச்சு.”

“எனக்கா?”

“உனக்குத்தான். நீ ஒரு பக்கம் போறே, டோலக் ஒரு பக்கம் போகுது. எத்தனை நேரம் இழுத்துப்பிடிக்கறது?”

“இத்தினி நாளும் அப்டித்தானா?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொன்னது, “கொஞ்சம் கொஞ்சம் அப்படித்தான்.”

நம்பிவிட்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வருவாள், இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, “அய்யோ, ஆண்டவர் சமூகத்துல தாளம் தப்பியா பாடிக்கினு இருந்தேன்!” என்றாள். அவளுக்கு நான் தாளம் அறிந்தவன், வாத்தியார், பொய் சொல்லாதவன். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வீடு வந்ததும் கேட்டாள், “எனக்குத் தாளம் சொல்லித்தரீங்களா?”

அடுத்த மூன்று வாரம் என் வாழ்க்கையின் நல்ல வாரங்கள் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வருவேன். முகம் கழுவிக்கொண்டு எதிரே வந்து உட்காருவாள். வலது கையைத் தொடையில் தட்டி விரல்களை எண்ணிக்கொண்டு போகவேண்டும். மூன்று எண்ணுகிற தாளத்தில் சரியாக இருப்பாள், ஐந்து எண்ணுகிறதில் நழுவுவாள். “இப்பிடியா?” “இது சரியா?” “இன்னொரு வாட்டி காட்டுங்க.” மூன்று வருஷத்தில் பேசாத பேச்சு. நான் விரலைப் பிடித்து எண்ண வைத்தேன். அவள் கேள்வி கேட்கிறாள், நான் பதில் சொல்கிறேன், அவள் முகம் என்னைப் பார்த்திருக்கிறது. ஆண்டவரே, இது என்னுடைய முறை என்று உள்ளுக்குள் கர்வப்பட்டேன்.

முதல் ஞாயிறு அவள் பாட வாயெடுத்தாள். மடியில் விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன. ஒரு வரி வந்தது, மூன்றாவது வார்த்தையில் நின்றது. மறுபடி ஆரம்பித்தாள், எண்ணிக்கை தப்பாமல் இருந்தது, வார்த்தை வரவில்லை. சபை காத்திருந்தது. யாரோ தெரிந்த பாட்டு ஒன்றை எடுத்து நிலைமையைச் சமாளித்தார்கள். இரண்டாவது ஞாயிறும் அதே கதை. மூன்றாவது ஞாயிறு அவள் வாய் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

பனமலைக்காரர்கள் வெறுங்கையோடு பஸ் ஏறினார்கள். சபையின் வயதான சகோதரி ஒருத்தி என்னை ஓரம் கட்டினாள். “இன்னா சார், வூட்டுல ஏதாச்சும் சண்டையா? அந்தப் பொண்ணு ஏன் பாட மாட்டுது?” பாஸ்டர் அவளை முன்னால் அழைத்து முழங்காலில் நிறுத்தி, தலையில் கைவைத்து ஜெபித்தார். இந்தப் பிள்ளையின் பாட்டைக் கட்டிப்போட்ட சத்துரு எவனோ அவனைக் கடிந்துகொள்கிறேன் என்று பட்டாளத்துக் குரலில் முழங்கினார். சபையெல்லாம் கையைத் தூக்கி ஆமென் என்றது. நானும் கையைத் தூக்கினேன். நானும் ஆமென் சொன்னேன்.

வீட்டில் அவள் என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் சாப்பிடாமல் இருந்தாள். தப்பும் தவறுமாகப் பாடி அவரை நோகடித்துவிட்டாளாம், அதனால்தான் எடுத்துக்கொண்டாராம், மன்னிப்புக் கேட்கிறாளாம். சாயங்காலம் தாளப் பாடத்துக்கு மட்டும் தவறாமல் வந்து உட்காருவாள். “நல்லாக் கத்துக்கினா திரும்பக் குடுப்பாரு இல்லீங்களா?” என்று என்னையே கேட்டாள். ஐந்தில் இப்போது நழுவவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஆசைப்பட்டதெல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது. அவள் எதிரே உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறாள். அப்படிப் பார்க்கிற முகத்தில் முன்பிருந்த பெண் இல்லை.

சிங்கவரத்தில் ஒரு விசுவாசி வீட்டில் ஞாயிறு சாயங்காலம் கூட்டம். இருவரும் கிளம்பினோம். டோலக்கைச் சைக்கிள் கேரியரில் கட்டியிருந்ததால் அவள் உட்கார இடமில்லை. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அவள் ஓரமாக. இரண்டு பக்கமும் கடலைக்கொல்லை, மஞ்சள் பூ விட்டிருந்தது. அவள் விரல் முந்தானைக்குள் எண்ணிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“அதை நிறுத்து,” என்றேன்.

“தப்பா எண்றேனா?”

“உனக்குத் தாளம் தப்பவே இல்லை. அன்னிக்கும் இல்லை, என்னிக்கும் இல்லை. நான்தான் வேணும்னு அடிச்சி நிறுத்தினேன். பொய் சொன்னேன்.”

நின்றுவிட்டாள். “ஏங்க?”

“பொறாமை.”

“யாரு மேல?”

நான் கையால் மேலே காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். அங்கே என்ன இருக்கும், வெறும் வானம்தான். மறுபடி என்னைப் பார்த்தாள். புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், முடியாமல் மைல் கல்லின்மேல் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு அதே தண்ணீரோடு கொஞ்சம் அழுதாள். அழுதது கோபத்தில்தான். “ஆறு வெள்ளிக்கிழம பட்டினி கெடந்தேன்,” என்றாள். “ஆறு வெள்ளிக்கிழம.” நான் சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னித்துவிடு என்று சொல்லியிருக்கவேண்டும். அதற்குப் பதிலாக, அத்தனை மாதம் உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது.

“அவர்கிட்ட அவ்வளவு பேசறே. எங்கிட்ட ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கறே?”

யோசித்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

“உங்ககிட்ட சொன்னா நீங்க திருத்துவீங்க,” என்றாள். “அவரு கேட்டுக்குவாரு.”

“நான் எங்கே...” என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிளைத் தள்ளினேன்.

பாட்டு அவளுக்கு உடனே திரும்பிவிடவில்லை, மழை பிடித்து இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. கற்ற தாளத்தை மறக்க அவ்வளவு நாள் ஆயிற்று. அதைச் சொல்லி முடித்துக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்தச் சிங்கவரம் ரோட்டில் மிச்சமிருந்த தூரத்தையும் சொல்லவேண்டும்.

நான் ஒன்றும் பேசாததால் அவள் பேசினாள். முதலில் ஒரு வாக்கியம், என் முகத்தைப் பார்த்து ஒரு இடைவெளி, பிறகு இன்னொன்று. கத்திரிக்காய் அவளுக்குப் பிடிக்காதாம். எனக்குப் பிடிக்கும் என்று மூன்று வருஷமாக வாங்கிச் சமைத்து அவளும் தின்றிருக்கிறாள். என் அம்மா எழுதுகிற கடிதங்களில் தன்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று தெரியுமாம், எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். புதுசாக இங்கே குடிவந்த ஒரு மாதம் அவள் தூங்கவில்லையாம். வீட்டுக்குப் பின்னால் மலைமேல் உருண்டை உருண்டையாக நிற்கிற அந்தக் கற்கள் ராத்திரியில் உருண்டு வந்து கூரையில் விழும் என்று பயமாம். இப்போதும் காற்று பலமாக அடித்தால் அந்தப் பயம் வருமாம்.

“அதான் ஒரு நாளு பாடினேனே,” என்றாள். “கல்லு உருளாம புடிச்சிக்க ராசா, நான் கண்ணு மூடணும்னு.”

எனக்கு அந்தப் பாட்டு நன்றாக நினைவிருந்தது. அதற்குத் தாளம் போட்டவன் நான். கல் என்பது பாவம், கண் மூடுவது மரணம் என்று ஆராதனை முடிந்து நாலு பேருக்கு விளக்கமும் சொல்லியிருந்தேன். அவள் பயந்துகொண்டு படுத்திருந்தது என் பக்கத்துப் பாயில்.

அவள் மேலே சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு கன்றுக்குட்டி, அவளுடைய நைனா அதை விற்றது, கோட்டை வாசல் குரங்குகள், நான் முதல் தடவை டோலக் அடித்ததைப் பார்த்து, யாரையோ அடிக்கப்போகிறேன் என்று அவள் நினைத்தது. நாலைந்து இடத்தில் திருத்தம் எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். இது எதுவும் எனக்குத் தெரியாது. மூன்று வருஷமாக இதையெல்லாம் அவர் ஒருவரே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதுவரை நான் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை. உண்மையான பொறாமை எனக்கு அந்த ரோட்டில்தான் வந்தது. எங்கே பேச்சை நிறுத்திவிடுவாளோ என்று சைக்கிளை மெதுவாகத் தள்ளினேன்.